மாப்பிள்ளைமாருக்காகத் தளர்த்திய கேபிள்

என் மச்சான் தம் காரைப் பராமரிக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டார் என்றொரு பேச்சு எங்கள் குடும்பத்தினுள் உலவுகிறது. மச்சான் என்று நான் குறிப்பிடுவது என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவரை. அவர் சென்ற ஆண்டு காலமானார். கட்டாரில் தொழில் புரியும் அவருடைய மகன், கார் திருத்தப்பட்ட விபரத்தைத் தொலைபேசியில் அரைகுறையாகக் கேட்டறிந்து, குடும்பத்தார் அனைவரும் வாசிக்கும் கைத்தொலைபேசிக் குழுமத்தில் அவ்வாறு எழுதிவிட்டார். அதில் தீய நோக்கம் ஏதுமில்லை. தந்தையைப் பற்றிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு எழுதும் வகையில்தான் எழுதினார். ஆயினும் இளையோர் அதனை நம்பிவிட்டனர். காரைக் கெடுத்தார் என்பது ஓரளவு உண்மை; தெரியாமல் கெடுத்தார் என்பது உண்மையன்று. இவ்வேறுபாட்டை அறிந்தவர்கள் இன்று மூவரே: ராத்தா, காரைத் திருத்திய பாஸ் (வாகனம் திருத்துபவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), நான். முன்னிருவரும் எழுதப் போவதில்லை. எனவே நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் கடமை என்மேல் விழுந்திருக்கிறது.

அந்தக் கார் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் துரையாக இருந்த ஒருவர் பாவித்து, பின்னர் பதுளையில் ஒருவரிடம் கைமாறி, அவரிடமிருந்து மச்சானிடம் வந்து சேர்ந்தது. வெளியே பாலாடையின் நிறம். உள்ளே சிவப்புத் தோலிருக்கைகள். அக்காலத்தில் கல்முனையில் கார்கள் இல்லாமலில்லை. ஆனால் கிளச் மிதிக்க வேண்டாத கார் எங்கள் தெருக்களில் அது ஒன்றே. வேகத்துக்கேற்பக் கியர் தானாகவே மாறிக்கொள்ளும். சந்தைக்குப் போய் வருவோர் நின்று, கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்து, அப்படியானால் இடது காலுக்கு என்ன வேலை என்று மச்சானைக் கேட்பார்கள்.

"அது சும்மா கூட வாற கால்" என்பார் அவர்.

நீர்ப்பாசனப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, எதையும் மெல்லத் திறந்து மெல்ல மூடுவார். கதவையும் அப்படியே, காரின் மிதியையும் அப்படியே.

எங்கள் கரையோர ஊர்களின் வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மணமானதும் ஆண்தான் தன் உடுப்புப் பெட்டியோடு மனைவி வீட்டுக்குக் குடிபோகிறான். அவ்வாறே நான் பிறந்த வீடு ராத்தாவுக்குச் சீதனமாயிற்று. மச்சான் அங்கே வந்து குடியேறினார். நான் சற்றுத் தள்ளியுள்ள என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். ஆகவே இங்கு கலியாணம் என்றால் ஊர் கூடிப் பார்ப்பது மாப்பிள்ளை வருவதைத்தான். அவன் வெறுமனே வருவதில்லை, அழைத்து வரப்படுகிறான். மச்சானின் கார் ஊருக்கு வந்த பிறகு, எங்கள் உறவிலும் அயலிலும் இருந்த மாப்பிள்ளைமார் பெரும்பாலும் அந்தக் காரிலேயே அழைத்து வரப்பட்டனர்.

மஃரிபுத் தொழுகை முடிந்ததும் ஊர்வலம் புறப்படும். முன்னே பொல்லடிக்காரர்கள். இரு கைகளிலும் குறுந்தடி ஏந்தி, பாட்டுக்கு இசைய ஒருவர் தடியில் மற்றவர் அடித்து, வட்டமாகச் சுழன்று ஆடுபவர்கள். அவர்கள் மாப்பிள்ளைக்கு முதுகு காட்டுவதில்லை. காரைப் பார்த்தபடி ஆடிக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள். அவர்களுடைய கால்களுக்கும் காரின் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் இருந்தால் அதிகம். மருதமுனைத் தறியில் நெய்த புதுச் சாரன்கள் விளக்கொளியில் அசையும். வேலிக்கு மேலாகவும் வாசற் கடப்படியிலும் நிற்கும் பெண்கள் நாவைச் சுழற்றிக் குரவையிடுவார்கள். பின்னிருக்கையில் இரு தோழர்களுக்கு நடுவே தலைப்பாகையோடு மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருப்பான். அத்தரும் பெற்றோலும் மல்லிகையும் கலந்த ஒரு மணம் காரினுள் நிறைந்திருக்கும். நான் முன்னிருக்கையில் மச்சானுக்குப் பக்கத்தில் இருந்து, ஆட்டக்காரர்களின் கால்களைக் கவனித்துச் சொல்லும் பணியைச் செய்திருக்கிறேன். மனிதன் நடப்பதைவிடக் குறைந்த வேகத்தில் அந்தக் கார் போகும். போகிறதா நிற்கிறதா என்று வேலியோரம் நின்றவருக்கு ஐயம் வரும்.

சுனாமியன்று கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில்கூட, முந்திய நாள் கலியாணமொன்றுக்காகச் சம்மாந்துறைக்குப் போன கார் அங்கேயே தங்கிவிட்டதால்தான் தப்பியது.

பின்னர் வழக்கம் மாறியது. இப்போது மாப்பிள்ளைமார் வாடகைக்கு எடுத்த புத்தம்புதுக் கார்களில், கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, குளிரூட்டியின் காற்றில் வந்து இறங்கிவிடுகிறார்கள். பொல்லடியை விழா மேடைகளில் பார்க்கிறோம். மச்சானும் ராத்தாவும் மட்டும் சனிக்கிழமைகளில் அந்தக் காரில் கோமாரிக்குப் போய் வந்தனர். அங்கே அவர்களுக்கு ஒரு தென்னந்தோட்டம் உண்டு. மெல்லவே போவார்கள். நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரங்கள்கூட அவர்களை முந்திச் செல்லும் என்று ராத்தா குறைபட்டுக்கொள்வார்.

மச்சான் மௌத்தானபோது ராத்தா இத்தா இருந்தார். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே செல்லாமல், பிற ஆடவர் முன் வராமல் இருக்கும் காலம் அது. அக்காலம் முடிவை நெருங்கிய வேளையில், ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு நான் அவரைப் பார்க்கப் போனேன். கார்க் கொட்டகையில் நின்ற காரை யன்னல் வழியே காட்டி, அவர் ஒரு காரியம் கேட்டார்.

"தம்பி, இத்தா முடிஞ்சி நான் வெளிய போற மொதல் நாள் அவர்ர கார்ல போக வேணும். கோமாரிக்கு. அவரு ஓட்டக்குள்ள எப்புடிப் போகுமோ அப்புடிப் போக வேணும்."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அது எத்தனை பெரிய வாக்கு என்பது எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் நின்ற காரை மின்கலம் மாற்றி இயக்கித் தெருவில் ஓட்டியபோது, இயந்திரம் இரைந்ததே தவிரக் கார் அதற்கேற்ப நகரவில்லை. சேற்றில் சுழலும் சில்லைப் போல உள்ளே ஏதோ வழுக்கியது.

பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவரை அழைத்து வந்தேன். பழைய ஆங்கிலக் கார்களில் பயின்றவர். ஐம்பது வயது கடந்தவர். கோயில் திருவிழாக் காலத்தில் மட்டும் வேலைக்கு வரமாட்டார், மற்றபடி சொன்ன நேரத்துக்கு வருவார். அவர் கார்க் கொட்டகையில் வேலை செய்ய, ராத்தா யன்னல் திரைக்கு உட்புறம் கதிரை போட்டு இருந்துகொண்டார். இருவருக்கும் இடையே ஒரு துணித்திரை மட்டுமே இருந்தது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். ஆயினும் இத்தாவின் ஒழுங்கைக் காக்கும் பொருட்டு ராத்தா என்னிடமே சொல்வார். பாஸும் என்னிடமே மறுமொழி சொல்வார். கேட்ட சொல்லையே மீண்டும் எடுத்துச் சொல்லும் தூதனாக நான் நடுவில் நின்றேன். முதலிரண்டு தடவை முறையாக எடுத்துச் சொன்னேன். பிறகு நான் எடுத்துச் சொல்லும்வரை காத்திருப்பதையே அவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் விளிப்பது மட்டும் என்னையே.

பாஸ் முதலில் கியர்ப் பெட்டியின் எண்ணெய்க் கோலை உருவி, துணியில் துடைத்து, என் மூக்கருகே நீட்டினார்.

"மணந்து பாருங்க சேர். கருகிப் போச்சு."

சோறு அடிப்பிடித்தாற் போன்ற நாற்றம் அதிலிருந்தது. எண்ணெயை மாற்றிய பின், அவர் காரின் முன்மூடியைத் திறந்து காபரேட்டரின் அருகே குனிந்தார். அங்கிருந்து கியர்ப் பெட்டிவரை ஒரு கேபிள் இறங்குகிறது. அதனைக் கிக்டவுன் கேபிள் என்றார். ஓட்டுபவரின் கால் மிதியை எவ்வளவு அழுத்துகிறது என்ற செய்தியைப் பெட்டிக்குக் கொண்டு செல்வது அந்தக் கேபிள்தான். கால் மெல்ல அழுத்தினால் பெட்டி விரைவில் மேல் கியருக்கு மாறும். கால் முழுமையாக அழுத்தினால், ஏதோ அவசரம் என்று அறிந்து, கியரை ஒன்று இறக்கி வலுவைக் கொடுக்கும். உறைக்குள் ஓடும் கம்பியில், உறையின் வாயருகே ஒரு சிறு ஈயமணி பதிக்கப்பட்டிருக்கும். இயந்திரம் சூடேறி அமைதியாக ஓடும்போது, அந்த மணிக்கும் உறையின் வாய்க்கும் இடையில் ஒரு மெல்லிய தகட்டை நுழைக்குமளவு இடைவெளி இருக்க வேண்டும். இதுவே சரியான அளவு. நாங்கள் பார்த்தபோது மணி உறையின் வாயோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கப்பால் கம்பி தொய்ந்து தொங்கியது. மிதியைப் பாதிவரை அழுத்திய பிறகே அந்தத் தொய்வு நீங்கிக் கம்பி இழுபடத் தொடங்கும். காலின் செய்தி பெட்டிக்கு எப்போதும் பிந்தியும் குறைந்துமே போயிருக்கிறது. அதனால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து, தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கித் தேய்ந்திருக்கின்றன.

தானாகத் தளர்ந்திருக்குமோ என்று கேட்டேன். பாஸ் தலையாட்டி மறுத்தார். நட்டைப் புரியின் கடைசி வரைக்கும் கொண்டுபோய், இரண்டாவது நட்டால் இறுக்கிப் பூட்டியிருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

"எவனோ வேணுமெண்டுதான் இப்பிடி வெச்சிருக்கான் சேர். வேலை தெரிஞ்ச கைதான். ஆனா என்னத்துக்கு எண்டுதான் விளங்கல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எவனோ இல்ல எண்டு செல்லு தம்பி. அவருதான்."

பிறகு ராத்தா சொன்ன வரலாற்றை நான் முன்னர் முழுமையாக அறிந்திருக்கவில்லை. கார் வந்த புதிதில், மருதமுனையிலிருந்து ஒரு மாப்பிள்ளையை அழைத்து வந்தார்களாம். அன்று நான் ஊரில் இல்லை. அப்போது கேபிள் சரியான அளவில் இருந்தது. பெண் வீட்டை அண்மித்த இடத்தில், ஆட்டக்காரர்கள் சற்று நின்று மீண்டும் நகர, மச்சான் மிதியை மெல்லத் தொட்டிருக்கிறார். பெட்டி அதனை மிகக் கூர்மையாக எடுத்துக்கொண்டு ஓர் உலுக்கு உலுக்கியது. முன்னால் நின்ற ஆட்டக்காரர் தாவி விலகினார். அவருடைய தடி காரின் மூடியில் விழுந்து உருண்டது. பின்னிருக்கையில் மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்து கண்ணை மூடிவிட்டது. குரவையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டனர். கடப்படியில் நின்ற ஒரு மூதாட்டி, மாப்பிள்ளைக்கு அவ்வளவு அவசரமோ என்று உரக்கக் கேட்டாராம். காயம் எவருக்கும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட அந்த மாப்பிள்ளையை, அவருடைய கூட்டாளிகள் இப்போதும் 'அவசர மாப்பிள்ளை' என்றே அழைக்கிறார்கள்.

சிரித்தவர்களுள் மச்சான் இல்லை. மறுநாள் அவர் காரின் கைந்நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, காபரேட்டரின் அருகே நெடுநேரம் இருந்தார். அந்த அளவைத் தளர்த்தலாகாது, தளர்த்தினால் பெட்டி பழுதாகும் என்று நூலில் எழுதியிருந்ததை ராத்தாவுக்கு அவரே வாசித்துக் காட்டினாராம். வாசித்த பின்பு தளர்த்தினார். ஏன் என்று ராத்தா கேட்டபோது அவர் சொன்னதை, ராத்தா அவருடைய குரலிலேயே எங்களுக்குச் சொன்னார்:

"பெட்டி கெடும் எண்டு தெரியும் கிளி. கெட்டா அது கெடட்டும். ஒரு மனிசன்ட நாள் கெடக் கூடாது."

ஒவ்வொரு கலியாணத்துக்கும் பிறகு மீண்டும் இறுக்கிவிடலாம் என்பதே அவருடைய எண்ணம். இறுக்குவதற்குள் அடுத்த கலியாணம் வந்துவிடும். பின்னர் இறுக்காமலே விட்டுவிட்டு, அதற்கு ஈடாகத் தம் காலைப் பழக்கிக்கொண்டார். மிதியை அழுத்தாமல் ஓட்டினால் பெட்டிக்கு நோவு குறையும் என்று கண்டு, எப்போதும் அப்படியே ஓட்டினார். கோமாரிப் பாதையில் உழவு இயந்திரங்கள் அவரை முந்தியதன் காரணம் அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று.

பாஸ் கேட்டுக்கொண்டே நட்டை இளக்கினார். அக்கா சொல்வது சரிதான், இத்தனை காலம் இந்தப் பெட்டி உயிரோடிருந்தது அந்த மனிதரின் காலால்தான் என்றார். அதே தளர்வில் நான் ஓட்டினால் என்னாகும் என்று கேட்டேன்.

"அவர்ர கால் தாங்கிச்சு. உங்கட கால் தாங்காது சேர்" என்றார். திரைக்குப் பின்னால் ராத்தா சிரிப்பை அடக்கியது கேட்டது.

இயந்திரத்தைச் சூடேற்றி, ஓட்டத்தைச் சீராக்கி, மணிக்கும் வாய்க்கும் இடையில் தகடு நுழையும் அளவுக்கு உறையை நகர்த்தி, இரண்டு நட்டுகளையும் இறுக்கினார். பார்க்கச் சிறு வேலை. பிறகு என்னையே ஓட்டச் சொன்னார். பிரதான வீதியில் பாண்டிருப்புவரை போனோம். ஒரு வெளியான இடத்தில், மிதியை அடிவரை அழுத்துமாறு சொன்னார். அழுத்தினேன். ஒரு கணம் தாமதித்து, கியர் ஒன்று இறங்கி, கார் முன்னே பாய்ந்தது. அந்தக் காரில் நான் ஆயிரம் தடவை ஏறியிருப்பேன்; அதற்குள் இப்படியொரு வேகம் இருந்ததை அன்றுதான் அறிந்தேன். வழுக்கல் இல்லை. தட்டுகள் தேய்ந்திருந்தாலும் இனிப் பிடிக்கும், கவனமாக ஓட்டினால் இன்னும் சில வருடம் தாங்கும் என்று பாஸ் சொன்னார். இருவரும் மகிழ்ச்சியோடு திரும்பினோம்.

கொட்டகைக்குள் காரை நிறுத்தினோம். யன்னலிலிருந்து ராத்தா கேட்டார்.

"இது ஆர்ர கார் தம்பி?"

பிறகு அவர் என்னை உள்ளே அழைத்துச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை ஒரு குறுகிய சந்து. வீதியிலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பியதும், மச்சானின் கார் உடனே கியர் மாறும். அப்போது இயந்திரத்தின் இரைச்சல் சட்டென்று தணிந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாற் போலக் கேட்கும். குசினியில் இருக்கும் ராத்தா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். மச்சான் கையைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வரும்போது தேநீர் ஆறாமல் இருக்கும். மணமாகிக் கார் வந்த காலந்தொட்டு, உத்தியோகத்திலிருந்து வந்தாலும், பள்ளிவாசலிலிருந்து வந்தாலும், கலியாணத்திலிருந்து வந்தாலும், அவர் வருவது அந்தச் சத்தமாகவே ராத்தாவுக்கு வந்திருக்கிறது. இத்தா இருந்த மாதங்களில் ராத்தா காத்திருந்தது கோமாரிக்காக மட்டுமன்று. கேபிளைச் சரியாக்கியதும் அந்தச் சத்தம் போய்விட்டது. இப்போது குறுகிய ஒழுங்கைக்குள் கியர் மாறுவதற்கு இடமில்லை. கார் இரைச்சலோடு வந்து, அப்படியே கடப்படியில் நின்றுவிடுகிறது.

வெளியே வந்து பாஸிடம் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. வேலையைப் பழித்ததாக எண்ணிக்கொண்டார். "அக்காவுக்குச் சொல்லுங்க சேர். இவ்வளவு நாளும் தேர் மாதிரி ஓடினது. இப்பதான் கார் மாதிரி ஓடுது" என்றார். பிறகு தணிந்து, வேண்டுமானால் பழையபடி தளர்த்திவிடலாம், அரை மணி நேர வேலைகூட இல்லை, ஆனால் அந்த நிலையில் கோமாரிக்குப் போனால் வரும் வழியில் திருக்கோவிலுக்கு அப்பால் எங்காவது நிற்க நேரும், அதன் பிறகு அந்தப் பெட்டிக்கு மாற்றுப் பெட்டி இலங்கையில் தேடுவது வீண் என்றார்.

இரு தரப்பையும் நிறைவு செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. மணியை நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால் சத்தமும் ஓரளவு இருக்கும், வலுவும் ஓரளவு இருக்கும் அல்லவா என்று கேட்டேன்.

"நடுவுல வெச்சா ரெண்டும் இல்லாமப் போகும் சேர்."

ராத்தா ஓர் இரவு யோசிக்க வேண்டும் என்றார். பாஸ் தம் சாவிகளைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்றிரவு நான் நன்றாக உறங்கவில்லை. காரைக் காப்பாற்றினால் ராத்தா கேட்டது கிடைக்காது; ராத்தா கேட்டதைக் கொடுத்தால் கார் மிஞ்சாது. அவர் ஓட்டக்குள்ள எப்படிப் போகுமோ அப்படி என்று ராத்தா கேட்டதும், ஓம் என்று நான் சொன்னதும் நினைவில் சுழன்றன.

மறுநாள் காலையில் நான் போனபோது பாஸ் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். ராத்தா யன்னலருகே இருந்தார். அன்று அவர் என்னை விளிக்கவில்லை. நேரே பாஸிடமே பேசினார்.

"அவரு மாப்பிள்ளைமார ஏத்துறதுக்குத்தான் அப்புடி வெச்சவரு. இப்ப எந்த மாப்பிள்ள இந்தக் கார்ல வாறான்? இனி ஏறப் போறது நான். இரிக்கிற மாதிரியே இரிக்கட்டும் தம்பி. பூட்டுங்க."

பாஸ் மூடியைத் திறந்து, நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். உண்மையில் அவை முன்னரே இறுகித்தான் இருந்தன.

இத்தா முடிந்து, குளித்து, தொழுது, ராத்தா வெளியே வந்த நாளில் வெயில் கடுமையாக இருந்தது. அவர் வழமையாக மச்சானுக்குப் பக்கத்தில் முன்னிருக்கையில் இருப்பவர். அன்று பின்கதவைத் திறந்தார். ஊர் மாப்பிள்ளைமார் எல்லாம் இருந்த இடத்தில் ஒரு நாளாவது தானும் இருந்து பார்க்க வேண்டும் என்றார். சிவப்புத் தோலிருக்கையின் நடுவில், இரு பக்கமும் இடம் விட்டு, நிமிர்ந்து இருந்துகொண்டார்.

காரைதீவு தாண்டி, வயல்கள் இரு பக்கமும் விரிந்த இடத்தில், அறுவடை இயந்திரமொன்றை ஏற்றிய நீண்ட வாகனம் எங்களுக்கு முன்னே ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வெகுதூரம் போனோம். எதிரே பாதை வெறுமையானதும், நான் மிதியை அடிவரை அழுத்தினேன். கியர் இறங்கியது. கார் பாய்ந்து அந்த வாகனத்தைக் கடந்து சென்றது. கண்ணாடியில் பார்த்தேன். ராத்தா பின்னே சாய்ந்து, ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் இருக்கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டாரோ என்று வேகத்தைக் குறைத்தேன்.

"இதுக்குள்ள இவ்வளவு இரிந்திரிக்கா?" என்றார். பிறகு, மச்சான் இறந்த பின் முதல் தடவையாக அவரைக் குறை சொன்னார். "ஊரான்ட மாப்பிள்ளைக்காக என்னக் காலம் முழுக்க உழவு மெஷினுக்குப் பின்னால கொண்டு திரிஞ்சிரிக்காரு பாரு."

கோமாரி வரும்வரை அவர் மச்சானைப் பற்றியே கதைத்தார். எந்தப் பாலத்தில் நிறுத்தி நீர்மட்டம் பார்ப்பார், எந்தக் கடையில் தயிர் வாங்குவார், யார் முந்திச் சென்றாலும் கையைக் காட்டி அனுப்பி வைப்பார் என்றெல்லாம். சில இடங்களில் குரல் உடைந்தது. சில இடங்களில் சிரித்தார். தோட்டத்தில் இளநீர் குடித்தோம். கடற்காற்றில் தென்னைகள் இரைந்தன. வெயில் சாயுமுன் திரும்பி வந்துவிட்டோம்.

அதன் பின்னர் காரை வாரம் ஒரு முறை ஓட்டி வைக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. ஓட்ட ஓட்ட நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கேபிள் சரியான அளவிலேயே இருக்க, மிதியிலிருந்து காலை முற்றாக எடுத்துவிட்டால், பெட்டி அதனையும் ஒரு செய்தியாகக் கொண்டு உடனே மேல் கியருக்கு மாறுகிறது. அப்போது இரைச்சல் தணிந்து அதே நீண்ட மூச்சு வருகிறது. பெட்டிக்கு இதனால் கேடில்லை என்று பாஸிடமும் கேட்டறிந்தேன். ராத்தாவுக்கு ஒரு நற்செய்தியைச் சொல்லாமலே செய்து காட்டலாம் என்றெண்ணி, ஒரு நாள் பெற்றோல் அடித்துவிட்டு வரும்போது, ஒழுங்கையின் திருப்பத்தில் காலை எடுத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. பிசகில்லாமல் கேட்டது.

கடப்படிக்கு வந்தபோது ராத்தா விறாந்தைப் படியில் நின்றார். நான் வரும்போது அவர் வெளியே வந்து நிற்பதில்லை. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்து, நான் கொண்டு வந்தது நற்செய்தியன்று என்பதை உணர்ந்தேன்.

"திருப்பத்தில என்ன செய்தாய்?"

"கால எடுத்தன் ராத்தா."

"இனி எடுக்காத தம்பி. அது அவரு வாற சத்தம். நீ ஒன்ட சத்தத்தில வா."

அன்றிலிருந்து ஒழுங்கைக்குள் காலை எடுப்பதில்லை. கார் தன் போக்கில் இரைந்துகொண்டு வந்து கடப்படியில் நிற்கும். வருவது தம்பி என்று குசினியில் இருந்தபடியே ராத்தாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதில் எனக்கு நேரில் தெரிந்தவையும் ராத்தா சொல்லக் கேட்டவையும் கலந்திருக்கின்றன. மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்த அந்த ஊர்வலத்தில் ஆடிய பொல்லடிக் குழுவினர் மருதமுனையார்தாமா, அன்றி வேற்றூராரா என்பதில் எனக்கு உறுதியில்லை. கார் பதுளையிலிருந்து வந்தது என்பதும் மச்சான் சொல்லக் கேட்டதே. கேபிளின் அளவையும் அதன் தொழிலையும் நான் விளங்கிக்கொண்ட வரையிலேயே எழுதியிருக்கிறேன். இத்தொழில் அறிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்தருளித் திருத்த வேண்டும். அந்தக் காரில் அழைத்து வரப்பட்ட மாப்பிள்ளைமாரும் அவர்களை வேலியோரம் நின்று பார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுள் எவருக்கேனும் நான் எழுதியதற்கு மாறாக நினைவிருப்பின், தயங்காமல் எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பிரதியில் அதனைச் சேர்த்து, என் பிழையை நீக்கி எழுதுவேன்.